போயிட்டாருன்னா எங்க?

நேற்று வில்லியனூரிலிருந்து பாகூர் திரும்பும் வழியில், ஒரு கரும்புச்சாறு வண்டிக்குக் கூரையாக உன்னைப் பார்த்தேன்.

பதறாதே. உன் பேனரைத்தான் சொல்கிறேன். நீ செத்த மறுநாள் கூட்டுரோட்டில் நாங்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். யாரோ அவிழ்த்து, பாதியாக மடித்து, நாலு மூங்கில் கழிமேல் போட்டிருந்தார்கள். மடிப்புக்கு வெளியே உன் இடது கண், பாதி மீசை, அதற்குக் கீழே "...பாருகிறார்" என்ற எழுத்து. முழு வரி, "இறைவனில் இளைப்பாறுகிறார்". வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரம் வந்திருந்தது. புரூஃப் பார்த்தவன் நான். ரகர றகர வித்தியாசம் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்குகிற தமிழ்த்துறைக்காரன். ஆனால் ஒற்றைக் கண்ணுக்கு அடியில் "பாருகிறார்" என்று இருந்தது ஒருவகையில் பொருத்தமாகவே பட்டது. நீ இளைப்பாறுகிற ஆளா என்ன?

இன்னொரு விஷயம். அஞ்சலி செலுத்துவோர் வரிசையில் என் படம் முழுசாகத் தெரிந்தது. மடிப்பு உன்னைத்தான் வெட்டியது, என்னை விட்டுவிட்டது. உயிரோடு இருந்தபோதும் உனக்கு இப்படித்தான் நடந்தது.

வண்டியை ஓரம் கட்டி ஒரு சாறு சொன்னேன். கரும்போடு இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்து நசுங்குகிற அந்த வாசனை வந்தது. நம் கண்காட்சியின் கடைசி நாளில் சமுதாயக் கூடத்து வாசலிலும் இதே வாசனைதான். கூட்டம் கூடுகிறது என்று மோப்பம் பிடித்து ஒரு கரும்புச்சாறு வண்டி வந்து நின்றிருந்தது. 

ஃபாதர்மார் நடத்துகிற நம் பல்கலைக்கழகத்தில் வேதியியல்காரர்களுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. வணிகவியல்காரர்களுக்குக் கம்பெனிப் பயிற்சி. தமிழ், வரலாறு, ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட கைடு. இதை மாற்ற வேண்டும், இவர்களுக்கும் ஒரு செய்முறைத் தாள் வேண்டும் என்று வரலாற்றுத் துறையிலிருந்து நீ ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பாய். நீ எழுந்தாலே வணிகவியல் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஃபாதர், கெமிஸ்ட்ரிக்காரன் ஆசிட்ல கையச் சுட்டுக்கறான். அதுலதான் கத்துக்கறான். நம்ம புள்ளைங்களுக்குச் சுட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வணிகவியல் தலைவரின் காரில்தான் அந்தக் காலத்தில் நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

துணைவேந்தர் ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு பருவம் நடத்திப் பாருங்கள் சார். ஊருக்குள் போய்ப் பொருள் சேகரித்து, அதன் கதையைக் கேட்டு எழுதி, ஒரு கண்காட்சி வையுங்கள். கடைசி நாள் நானே வருகிறேன். ஆனால் அந்த ஊரிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்தச் செய்முறைத் தாளை அன்றைக்கே மூடிவிடுவோம்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அவர் போட்ட சிலுவை அடையாளம் உனக்கா தாளுக்கா என்று நீயும் நானும் ஒரு வாரம் விவாதித்தோம்.

ஊர் என்று வந்ததும் பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து என் ஊரைத் தேர்ந்தெடுத்தாய். என் செல்வாக்கை நம்பினாயாம். என் செல்வாக்கு என் வீட்டு நாய் வரைக்கும்தான், அதுவும் பிஸ்கெட் கையில் இருந்தால்தான் என்று சொன்னேன். நீ கேட்கவில்லை.

பிள்ளைகள் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் ரேடியோப் பெட்டி, கல்யாணப் பட்டுப்புடவை, முதல்முதலாக அந்த ஊருக்கு வந்த மிக்ஸி, பால்வாடிக் கரும்பலகை என்று கொண்டுவந்து சமுதாயக் கூடத்தை நிரப்பினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதன் கதையை எழுதிய அட்டை. கரும்பும் நெல்லும் போடுகிற அஞ்சலை வீட்டிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. டைனமோ வைத்த கனமான பழைய சைக்கிள். அதைக் கேட்டு வாங்கி வந்தவள் வெண்ணிலா. பிள்ளைச்சாவடிக் கடற்கரைப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள்.

அட்டையில் அவள் எழுதியிருந்தது: "இது இறந்துபோன கோவிந்தசாமியின் சைக்கிள்." நான் அதைப் பார்த்தேன். சொந்த ஊர் என்றாலும் என் தெருவுக்கு அப்பால் எனக்கு யாரையும் தெரியாது. தமிழ்த்துறைக்காரன் பார்த்தால் சும்மா இருப்பானா? "மறைந்த பெரியவர் திரு. கோவிந்தசாமி அவர்கள் நீங்கா நினைவாக" என்று மெருகேற்றினேன். போதாது என்று ஹேண்டில்பாரில் ஒரு முழம் மல்லிகைச் சரமும் சுற்றச் சொன்னேன். நீ தூரத்தில் நின்று "இன்னாடா, சைக்கிளுக்குக் கருமாதியா?" என்றாய். அப்போது அதை நகைச்சுவை என்றுதான் நினைத்தோம்.

கடைசி நாள் மாலை நாலு மணிக்கு ஃபாதர் வரவேண்டும். மூன்று மணிக்குத் தாமதமாகச் சாப்பிட்டுக் கைகழுவும்போது வாசலில் சலசலப்பு. கரும்புச்சாறு வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

"சார், செத்தவரு வந்திருக்காரு."

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பையன் கண்காட்சியைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். அது ஊர் ஊராகத் தாவி, புதுச்சேரியின் மறுகோடியில் இருக்கிற சுத்துக்கேணியில், மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோவிந்தசாமியின் இலை வரைக்கும் போய்விட்டது. மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் பிடித்துவிட்டார்.

சைக்கிள் முன்னால் நின்றார். அட்டையை எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார். மல்லிகைச் சரத்தைப் பார்த்தார். பிறகு, கூடத்தின் மறுபக்கம் நின்ற தம்பி பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா அஞ்சல, என்ன எப்ப எடுத்தீங்க? கருமாதி சாப்பாட்டுக்காச்சும் ஒரு வார்த்த சொல்லி உட்டுருக்கலாம்ல?"

அஞ்சலை அசரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் இன்னா செத்துட்டாருன்னா சொன்னேன் மாமா? அந்தப் பொண்ணு கேட்டுச்சி. போயிட்டாருன்னேன். ஏன், நீங்க போவலியா?"

பக்கத்தில் நின்றவர் அப்போதுதான் விஷயத்தை என் காதில் போட்டார். அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. நிலம் இன்னும் பாகம் பிரியாமல் கிடக்கிறது. இந்த நிலையில் தம்பி வீட்டுச் சைக்கிளில் அண்ணனைச் சாகடித்து அட்டை போட்டால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்ததைச் சொல்லவும் செய்தது.

"பட்டா மாத்தறதுக்கு ரூட்டு போடறாங்கப்பா."

"காலேஜ்காரங்கள வச்சிச் செய்யறாங்க பாரு. வெவரமான ஆளுங்கதான்."

"எங்க மாமனாரு ரேடியோவுக்கு இன்னா எழுதி வச்சிருக்காங்களோ. மொதல்ல அத எடுத்துக்கினு வா."

சொன்ன மாத்திரத்தில் கைகள் நீண்டன. ரேடியோ போயிற்று. பட்டுப்புடவையை ஒருத்தி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். மிக்ஸியைத் தூக்கியவர் ஜாரை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். நான் பாய்ந்துபோய் அந்த அட்டையைப் பிய்க்கப் பார்த்தேன்.

"கைய வெக்காத தம்பி" என்றார் கோவிந்தசாமி. "அது அப்படியே இருக்கட்டும். சாட்சி. ஒங்க பெரிய சாமியாரு நாலு மணிக்கு வர்றாராமே. அவரு வந்து படிக்கட்டும். அவருகிட்டயே கேட்டுக்கறேன், உயிரோட இருக்கறவன சாவடிக்கறதுதான் ஒங்க படிப்பான்னு."

சொல்லிவிட்டு, ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைக்கு நேரே "நீங்கா நினைவாக". எதிரில் ஹேண்டில்பாரில் மல்லிகை. அப்படியே ஃபாதருக்காகக் காத்திருந்தார்.

என் மூளை அபாயத்தில்தான் நன்றாக வேலை செய்யும். உன்னைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "மச்சான், ஃபாதருக்குப் போன் பண்ணிடலாம். கரண்டு இல்லைன்னு சொல்லு. இல்ல, ஏரிக்கரை ரோட்டுல மரம் விழுந்துடுச்சின்னு சொல்லு. மரத்த வேணா நான் சாய்க்கறேன்."

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. "பொய் சொல்லி நடத்தறதுக்கு செய்முறைத் தாளு எதுக்குடா? அதுக்குக் கைடே போதும்."

அந்த டிரம்முக்குப் பின்னால்தான் வெண்ணிலா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நம்மைப் பார்த்ததும் எழுந்து கண்ணைத் துடைத்தாள்.

"சார், எங்க ஊர்ல போயிட்டாருன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா அவங்க அழுவாங்க. அது தப்பு. அதான் நான் கேக்கல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். அதற்குமேல் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. ஏரிப்பாசன ஊரில் அதே சொல்லை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் கோபித்துக்கொண்டு போனார் என்று பொருள். புதுச்சேரி நகரத்தில் பாதிப்பேர் போனது பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சுக்கு. ஒரு சின்ன மாநிலத்துக்குள் ஒரே சொல்லுக்கு இத்தனை திசை. ஒன்றையும் விசாரிக்காமல் "மறைந்த" என்று மெருகு பூசிய மகானுபாவன், முனைவர் பட்டம் பெற்றவன், டிரம்மின் குழாயை இறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

நீ அவளைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "போய்க் கேளு" என்றாய்.

"யார சார்?"

"அவரத்தான். அன்னிக்கு அந்த அம்மாகிட்ட கேக்காம வந்தத இன்னிக்கு அவருகிட்ட கேளு. எங்க போனீங்கன்னு."

"அடிச்சிடுவாரு சார்."

"அடிச்சா வாங்கிக்கலாம். நானும் பக்கத்துலதான் நிப்பேன். இப்பதாம்மா சுட்டுக்கிச்சி. இனிமேதான் லேப்பு."

 சொல்லிவிட்டுக் கையைப் பையில் திணித்துக்கொண்டாய். உன் இத்தனை வருஷத்துப் பேச்சு, சிரிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த அத்தனை கூட்டம், எல்லாம் அந்தச் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

வெண்ணிலா போய் அவர் முன்னால் நின்றாள்.  கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"அய்யா, நான் பிள்ளைச்சாவடி. எங்க சித்தப்பா போயிட்டாரு. கடலுக்கு. அவரு எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாது. அதனால போயிட்டாருன்னா எங்கன்னு கேக்கறது எங்களுக்குப் பழக்கமில்ல. தப்பா எழுதிட்டேன். இப்ப கேக்கறேன். நீங்க எங்க போனீங்க?"

 மிக்ஸி ஜாரோடு நின்றவர் நின்றபடியே நின்றார். பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு, ஏதோ விண்ணப்பத்தில் முகவரி சொல்வதுபோல் சொன்னார்.

"சுத்துக்கேணிக்கு. மொவ வூட்டுக்கு."

"ஏன் போனீங்க?"

இந்தக் கேள்வியை நீகூட எதிர்பார்க்கவில்லை. 

"கொழம்புல உப்பு இல்லன்னேன். அதுக்குத் தட்ட எடுத்துக்கினு போயிட்டா."

"உப்பு இல்லன்னா சொன்னீங்க?" அஞ்சலை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க அம்மா வூட்டுல உப்பே கெடயாதான்னு கேட்டீங்க. ஊரு மொத்தம் கேட்டுது."

"கேட்டுது, கேட்டுது" என்றார் மிக்ஸி ஜார்க்காரர். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லை. அது எந்தப் பக்கம் சாயும் என்று அப்போதும் தெரியவில்லை.

வெண்ணிலா விடவில்லை. "சைக்கிள ஏன் உட்டுட்டுப் போனீங்க?"

நெஞ்சைத் தொடுகிற பதில் ஒன்று வரப்போகிறது, அதை அட்டையில் எப்படி எழுதலாம் என்று என் புத்தி அந்த நேரத்திலும் அலைந்தது. பெரியவர் சொன்னார்.

"பஞ்சரு."

"பஞ்சரா?"

"பின்சக்கரம் பஞ்சரு. ஒட்டிக்கினு எடுத்துக்கலாம்னு இருந்தேன். அப்புறம் இந்தப் பக்கம் வரல."

 அஞ்சலை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒட்டியாச்சி. அப்பவே ஒட்டியாச்சி. வாரா வாரம் காத்தடிச்சித்தான் வெச்சிருக்கோம்."

பெரியவர் கேரியரிலிருந்து இறங்கினார். குனிந்து, பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் அப்படித்தான். விரலை எடுக்காமலேயே குனிந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம்.

ஃபாதர் உள்ளே வந்தார். பாதி காலியான மேசைகளைப் பார்த்தார். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பொருள் இருப்பதைப் பார்த்தார். நேராகச் சைக்கிளுக்கு வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அட்டையை வாசித்தார். தலைதாழ்த்தி ஒரு கணம் ஜெபமும் செய்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"பெரியவர் எப்போது தவறினார்?"

"நாந்தான் அது" என்றார் கோவிந்தசாமி.

ஃபாதர் அட்டையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். நீ வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மன்னிப்பு, விளக்கம், என்மேல் பழி, எதுவானாலும். உன் தாளை உன் கையால் காப்பாற்ற உனக்கு அதுதான் கடைசித் தருணம். நீ அதை அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு நின்றாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அதற்குள் மூன்று மரம் சாய்ந்திருக்கும்.

பெரியவர் வெண்ணிலாவைப் பார்த்தார். அவள் பேனாவைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

"எழுத்துப் பெழ சாமி" என்றார். "புள்ள இப்பதான் கேட்டு எழுதிக்கினு இருக்குது. செத்த ஒக்காருங்க. சொல்லி முடிச்சிடறேன்."

"புகார் எதுவும் இல்லையே?"

"புகாரு நெறைய இருக்குது. அதெல்லாம் எங்க வூட்டு விசியம்."

ஃபாதர் உட்கார்ந்தார். பெரியவர் சொல்லச் சொல்ல வெண்ணிலா புது அட்டை எழுதினாள். "இது கோவிந்தசாமி சைக்கிள். ஆளு சுத்துக்கேணியில இருக்காரு. பெல் அடிக்காது." அந்த "இருக்காரு"வை "உள்ளார்" என்று மாற்ற நான் பேனாவை நீட்டினேன். நீ என் மணிக்கட்டில் அடித்தாய். ஃபாதர் முன்னிலையில், சத்தம் கேட்கிற மாதிரி.

அண்ணன் தம்பி அன்றைக்கு ஒன்றுசேர்ந்துவிடவில்லை. தம்பி வரவே இல்லை. பெரியவர் சைக்கிளையும் எடுத்துப்போகவில்லை. "காத்து எறங்காம பாத்துக்க" என்று அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிட்டு, மல்லிகைச் சரத்தை மட்டும் அவிழ்த்து மகளுக்கு என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ரேடியோவும் புடவையும் மிக்ஸியும் மேசைக்குத் திரும்பின. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் அட்டையைத் தாங்களே நின்று வாசித்துத் திருத்தினார்கள். என் மெருகு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தாள் நிலைத்தது. பாடத்திட்டக் குறிப்பில் ஃபாதர் தம் கையாலேயே முதல் வரியாகச் சேர்த்தார்: "போய்விட்டார் என்று சொன்னால், எங்கே என்று கேட்கவும்." வகுப்பில் நீ அதை உன் பாணியில் சொல்வாய். "போயிட்டாருன்னா எங்கன்னு கேளு. கேக்காம எழுதறது மரியாதை இல்ல, சோம்பேறித்தனம்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாய். ஆசிரியர் அறையில், கேன்டீனில், கல்யாணப் பந்தியில், என் முன்னால் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், நீ புருவத்தைத் தூக்குவாய். நான் "எங்க?" என்று கேட்டாக வேண்டும். கடைசியில் அது எனக்கு விக்கல் மாதிரி ஆகிவிட்டது.

அதனால்தான் அது நடந்தது. வெண்ணிலா இப்போது அந்தத் தாளை நடத்துகிறாள், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

"சார், சாரு போயிட்டாரு."

"எங்க?" என்றேன்.

வாய் தன்னால் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் காதுக்குள் போனது.  அவள் சொன்னாள்.

"இந்தத் தடவ எனக்குத் தெரியல சார்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. நீ இல்லாதபோது புருவம் தூக்க ஆளில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நேற்று வரைக்கும்.

வண்டிக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டினார். நீட்டியவர் என் முகத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், மேல இருக்கற போட்டோ நீங்கதானே?"

"ஆமா."

"நல்ல வேள. செத்தவங்க பேனரோன்னு எனக்கு ஒரு டவுட்டு. அப்ப டியூசன் சென்டரு வெளம்பரமா?"

அந்த ஃபிளெக்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இறங்கியிருந்தேன். வேறு தார்ப்பாய் வாங்கித் தருகிறேன் என்று பேசவும் மனசுக்குள் தயார். கேட்கத் தோன்றவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு துளிகூட அவர் மேல் படவில்லை. நீ வேலையாக இருந்தாய்.

"பக்கத்துல ஒரு கண்ணு மட்டும் தெரியுதே" என்றார் அவர். "அவரு யாரு? ஒங்க பார்ட்னரா?"

"ஆமா. போயிட்டாரு."

அவர் கரும்பை மடக்கி மறுபடி எந்திரத்துக்குள் விட்டார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல், புதுச்சேரிக்காரர் எவரும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்க, பிரான்சுக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். உன் ஒற்றைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. புருவம் மடிப்புக்கு உள்ளே இருந்தது. அது எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சொல்றேன்" என்றேன் அவரிடம். "இன்னொரு கிளாஸ் போடுங்க. கொஞ்சம் பெரிய கதை. ஒரு சைக்கிள்ல ஆரம்பிக்கணும்."